ஸல்மா அன்ரியின் வலது கண்

தோட்டவெளி,
மன்னார்.
14.10.2025

என் அன்பு மகள் டிலோஜினிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அந்தக் குளிருக்குள்ளும் நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நாள் தவறாமல் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அப்பாவின் முழங்கால் நோவு குறைந்துவிட்டது, நீ அனுப்பிய பூச்சு மருந்தைப் பூசுகிறார். முந்தநாள் கழுதைகள் பின்வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டுப் போய்விட்டன, அதைத் திரும்பக் கட்டினார். நாங்கள்தான் கிழமைக்கு நாலு தரம் வீடியோவில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது பிள்ளை. நான்கு மாதமாக உனக்கும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். லீவில் வந்த சுகந்தன் நோர்வேக்குத் திரும்ப இன்று பின்னேரம் கொழும்புக்குப் பஸ் ஏறுகிறான், பேர்கன் வந்ததும் இதை உன் கையில் தருவான். முழுவதையும் வாசித்துவிட்டுப் பிறகு கோல் எடு.

தொலைநோக்கியைப் பற்றி நீ கேட்கும்போதெல்லாம் காற்று பலமாக இருக்கிறது, உப்புக் காற்றுப் பட்டால் கண்ணாடி பழுதாகிவிடும், அதனால் மூடி வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அது பொய். தை மாதம் நீ அனுப்பிய பெட்டியைத் திறந்த நாளில் இருந்து நான் எவ்வளவு சந்தோசமாக இருந்தேன் என்று உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருசம் கரும்பலகையில் வட்டம் கீறி வியாழனுக்கு நிலவுகள் இருக்கின்றன என்று படிப்பித்தவள், அறுபத்திரண்டு வயதில்தான் அவற்றைக் கண்ணால் கண்டேன். முக்காலி நடுங்குகிறது என்று அப்பா கிணற்றடிக்குப் பக்கத்தில் சீமெந்தில் ஒரு மேடை கட்டித் தந்தார். தெற்குப் பக்கம் காற்றாலைகளின் சிவப்பு வெளிச்சம் மின்னிக்கொண்டு இருந்தாலும் மேற்கு வானம் நல்ல இருட்டு. பெரிய கண்வில்லை எது, சின்னது எது, நிலவுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி எது என்று ஒவ்வொன்றுக்கும் பழைய மருந்துப் போத்தல் லேபலில் பெயர் எழுதி ஒட்டினேன். ஊரில் சிலர் என்னை ரெலஸ்கோப் ரீச்சர் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், மிகவும் பிடித்திருந்தது.

எருக்கலம்பிட்டி உம்மு ஸல்மா அன்ரியை நீ மறந்திருக்க மாட்டாய். புத்தளத்தில் இருபது வருசம் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்து தையல் மெசின் போட்டவர், உன் கல்யாணச் சட்டைக்கு முத்து வைத்துத் தைத்தவர். நோன்புத் தலைப்பிறை பார்க்கிற அன்று பின்னேரம் அவரை வரச் சொன்னேன். மேகத்துக்கு இடையில் மயிர் மாதிரி ஒரு கீற்றுத் தெரிந்தது. அவர் கண்ணை எடுக்காமல் கனநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அதன்பிறகு வியாழக்கிழமைகளில் தைத்த உடுப்புகளை மன்னாரில் கொடுத்துவிட்டுத் திரும்புகிற வழியில் எங்கள் வீட்டில் இறங்குவார். தேத்தண்ணி குடித்துவிட்டு, இண்டைக்கு என்ன காட்டப் போறீங்க ரீச்சர் என்று கேட்பார். எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தது அந்தத் தொலைநோக்கியால்தான்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். சூரியனில் பெரிய புள்ளிகள் வந்திருக்கின்றன என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு அவருக்கும் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். சூரிய வடிகட்டியை எப்படிப் போடுவது என்று நீ இரண்டு தரம் வீடியோவில் காட்டினாய். அந்த வெள்ளித் தாள் வளையத்தைக் குழாயின் வாயில் மாட்டி, மூன்று திருகாணியையும் இறுக்கி, சுற்றி ஒட்டுநாடா, அந்த ரேப்பை ஒட்டி, கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை வைக்க வேண்டும் என்று சொன்னாய். அவ்வளவும் எனக்கு மனப்பாடம். திருகாணியை இறுக்கினேன். ரேப் உள்ளே அலுமாரியில் இருந்தது. எழுந்து போய் எடுத்து வர ஒரு நிமிடம்கூடச் செல்லாது. அவருக்குப் பஸ் வரப்போகிறது என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டு அவரைக் கதிரையில் இருத்தினேன். புள்ளியைக் கண்டுவிட்டார், எள்ளுப் போட்ட தோசை மாதிரி இருக்கு என்று சிரித்தார். அப்போது சோளகக் காற்று ஒன்று வேலியைத் தாண்டி அடித்தது. வளையம் கழன்று என் காலடியில் விழுந்தது. அவர் கத்தவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்து மணலில் இறங்கி இருந்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில் வலது கண்ணின் நடுவில் கறுப்பாக ஒன்று நிற்கிறது, உங்கள் முகத்தைப் பார்த்தால் மூக்கைக் காணவில்லை என்றார். ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே டொக்டராக இருப்பது தக்சிகா. உனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்த பிள்ளை, என்னிடம் விஞ்ஞானம் படித்தவள். என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பி, ரீச்சர் இருங்கோ என்றாள். அவ்வளவு சனத்துக்கு முன்னால் எழும்பினாள். பிறகு ஸல்மா அன்ரியின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, சூரியனையோ வெல்டிங் வெளிச்சத்தையோ பார்த்தீர்களா என்று அவரைக் கேட்டாள். அவர் வாய் திறக்க முன் நான் சொன்னேன், "அப்பிடி ஒண்டும் இல்லை டொக்டர். இவ விடியவிடியத் தைக்கிறவ. சீனி வருத்தமும் இருக்கோ தெரியாது." ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாளும் யோசிக்கிறேன். ஆவணிக் கடைசியில் கல்விக் கந்தோர் நடத்தும் விஞ்ஞான நாளில் பேச என்னைக் கேட்டிருந்தார்கள். என் மாணவி எனக்கு எழும்பி நின்றாள். வேறு காரணம் இல்லை, பிள்ளை. ஸல்மா அன்ரி திரும்பி என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "டொக்டரிட்ட நடந்ததைச் சொன்னனீரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

என் பொய் அந்த வீட்டுக்குள் என்னென்ன செய்தது என்று பிறகுதான் அறிந்தேன். இரத்தம் சோதித்ததில் சீனி இல்லை. ஆனாலும் மருமகள் பயந்து அவரின் தேத்தண்ணியில் சீனி போடுவதை நிறுத்திவிட்டாள். காரணம் பிடிபடாததால் தக்சிகா கண்ணைப் படம் எடுக்க யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினாள். அந்த வெயிலுக்குள் இரண்டு தரம் பஸ்ஸில் போய் வந்திருக்கிறார். இது மற்றக் கண்ணுக்கும் பரவும் என்று யாரோ சொல்ல, கலியாண உடுப்புக்கு வந்த ஓடர்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மெசினையும் விற்கப் பேசியிருக்கிறார்கள். நான் விஞ்ஞான நாளுக்குப் போனேன். மேடையில் நின்று, வடிகட்டி இல்லாமல் சூரியனைப் பார்த்தால் விழித்திரைக்கு என்ன நடக்கும் என்று படம் போட்டு விளக்கினேன். அன்று கொண்டுபோன தொலைநோக்கியில் வளையத்தைச் சுற்றி மூன்று மடிப்பு ரேப் ஒட்டியிருந்தேன். பொன்னாடை போர்த்தினார்கள். முன் வரிசையில் ஸல்மா அன்ரி இருந்தார். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்து ஒரு பையைத் தந்துவிட்டுப் போனார். வீட்டில் திறந்து பார்த்தேன். தொலைநோக்கிக்கு உப்புக் காற்றுப் படாமல் மூட ஒரு உறை, உள்ளே வெள்ளைத் துணி வைத்து, அடியில் நாடா வைத்துத் தைத்திருந்தார். அளவு சரியாக இருந்தது. ஆனால் தையல் கோணிக்கோணி ஓடியிருந்தது. இரண்டு இடத்தில் பிரித்துத் திரும்பத் தைத்த ஊசித் துளைகள் தெரிந்தன. அவர் கையால் கோணல் தையல் ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை.

அதன்பிறகும் மூன்று கிழமை எடுத்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். புரட்டாதி நடுவில் ஒரு நாள் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சாவியை எடுத்தார். மோட்டர் சைக்கிளை எடுத்து என்னை எருக்கலம்பிட்டியில் ஸல்மா அன்ரியின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். நான் உள்ளே வாங்கோ என்றதற்கு, இது நீர் தனியச் சொல்ல வேண்டியது என்று வெளியில் நின்றுவிட்டார். ஸல்மா அன்ரி மெசினுக்கு முன்னால் இருந்தார், மருமகளும் பக்கத்தில் இருந்தாள். நான் ரேப்பில் இருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "எனக்கு அண்டைக்கே தெரியும் ரீச்சர். காத்துல கழண்டது அல்லாட செயல். டொக்டருக்கு முன்னால நீங்க என்ட வாயை மூடினதுதான் எனக்கு நொந்தது" என்றார். பிறகு ஏன் நீங்கள் அப்போது சொல்லவில்லை என்று கேட்டேன். அந்தப் பிள்ளை உங்களுக்கு எழும்பி நின்றவள், அவளுக்கு முன்னால் உங்களை எப்படிப் பொய்யாக்குவது, வீட்டில் சொன்னாலும் அவளிடம்தானே போய்ச் சேரும் என்றார். நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. நான் தேற்றப்பட வேண்டியவள் இல்லைதானே.

அடுத்த கிளினிக் நாள் இருவரும் போனோம். தக்சிகா அன்றும் எழும்பினாள். நான் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். அவள் கொப்பியில் எழுதி முடிக்கும் வரைக்கும் நிமிரவில்லை. பிறகு, "இனி நான் கேக்கிறதுக்கு அவவே பதில் சொல்லட்டும் ரீச்சர்" என்றாள், மரியாதையாகத்தான் சொன்னாள். இதற்கு மருந்து இல்லையாம், முதல் நாளே தெரிந்திருந்தாலும் மருந்து இருந்திருக்காதாம், ஆனால் யாழ்ப்பாணத்துக்கு அலைந்திருக்கத் தேவையில்லை, மெசினை விற்க நினைத்திருக்கவும் தேவையில்லை என்றாள். அரைவாசி தெளிந்துவிட்டது, மிச்சம் நடுவில் ஒரு சின்னப் புள்ளியாக நிற்கும். மற்றக் கண் நல்ல சுகம், அதற்குப் பரவாது. மெசினை விற்கவில்லை. பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கிறார். முத்து வேலை இனி இல்லை. வியாழக்கிழமைகளில் அவர் இன்னும் எங்கள் வீட்டில் இறங்கவில்லை. நான் பஸ் வருகிற நேரம் ஒழுங்கை முனைக்குப் போய் நிற்பதில்லை, அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது.

இப்போது நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துச் சிஸ்டர், பிள்ளைகளுக்குத் தொலைநோக்கியைப் பற்றிப் பேச என்னைக் கேட்டார். முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு, நடந்ததை உள்ளபடி சொல்ல விட்டால் வருகிறேன் என்றேன், அவர் சம்மதித்தார். ஸல்மா அன்ரியிடம் போய், உங்கள் பெயரைச் சொல்லாமல் ஒருவர் என்று மட்டும் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் மடித்த துணியை மெசினில் வைத்துவிட்டு, "பேரைச் சொல்லுங்க. பேரில்லாட்டிச் சனம் கதையெண்டு நினைக்கும். உங்கட வாயால என்ட பேரைச் சொல்லுங்க" என்றார். நாளை காலை ஒன்பது மணிக்கு அங்கே நிற்பேன். ஊரெல்லாம் தெரிவதற்கு முன் உனக்கு நானே எழுதிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

உன்னில் ஒரு பிழையும் இல்லை. ஏன் அனுப்பினேன் என்று உன்னை நீயே வருத்தாதே. நீ சொல்லித் தந்தது அத்தனையும் சரி. என்னை நியாயப்படுத்தி அவருக்கு ஒன்றும் சொல்லவும் வேண்டாம். ஆனால் அவருக்கு ஒருதரம் கோல் எடுத்துச் சுகம் கேள், அவருக்கு உன்னில் நல்ல விருப்பம். காலுக்குத் தடித்த மேசு போடு. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. வேலை, வேலை என்று பூசையை விட்டுவிடாதே. மருமகனுக்கு எங்கள் அன்பைச் சொல்லு. மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். இதை வாசித்த பிறகு என்னோடு பேச உனக்கு மனம் வராவிட்டால் இரண்டு நாள் பொறுத்தே எடு. நான் கோபிக்க மாட்டேன், காத்துக்கொண்டிருப்பேன்.

உன்னை எந்நாளும் நினைக்கும்,
அம்மா
அருளம்மா கொன்ஸ்ரன்ரைன்