உடைந்த நிறைகுடமும் உறங்கும் தவளையும்

வெல்க மலை! வெல்க கடல்!

வெண்கோட்டு நாடுடைய பனிமுடியரசர் பணித்தருள, அவர்தம் முதலமைச்சன் வேட்டங்கிழான் விடுக்கும் ஓலை. ஏழு துறையும் முத்துக்கரையும் காக்கும் ஆழிக்கரை வேந்தர் நெடுந்திரையர் திருமுன் படிக்கப்படுக. தங்கள் கலங்கள் கரை சேர்க. தங்கள் உப்பளங்கள் வெண்மை குன்றாதிருக்க. தங்கள் குடிகள் நலமே வாழ்க.

தீராநோயுற்ற தங்கள் தேவியார் அல்லியங்கோதையாரை, மூச்சு அடங்குமுன் எங்கள் பனிக்குகையில் உறையவைத்துக் காக்க வேண்டும் என்றும், பின்னாளில் மருந்து கண்டதும் உருக்கி எழுப்ப வேண்டும் என்றும் கட்டளையிட்டு, அதற்கு வழி காண மருத்துவர் நல்லாதனாரை முன்னதாக அனுப்பினீர்கள். அவர் கண்டதை உள்ளபடி எழுதுகிறோம். அவரே எழுத அஞ்சுகிறார். ஊர் திரும்பினால் தலை தப்புமோ என்ற கவலை அவருக்கு.

வந்த அன்றே அவர், தங்கள் நாட்டு வழக்கப்படி, தேவியாருக்கென வெட்டிய பனிப்படுக்கையின் தலைமாட்டில் விளிம்புவரை நீர் வார்த்து நிறைகுடம் வைத்தார். எங்கள் நாட்டில் சிறுபிள்ளையும் இக்காரியம் செய்யாது. முக்கால் குடத்துக்குமேல் நாங்கள் நிரப்புவதே இல்லை. விருந்தினர் மனம் கோணலாகாதே என்று வாய்மூடி இருந்துவிட்டோம். மறுநாட் காலை குடம் மூன்றாகப் பிளந்து கிடந்தது. நீரோ குடத்தின் உருவிலேயே உறைந்து நின்றது. உடன்வந்தோர் அபசகுனம் என்று தலையில் அடித்துக்கொண்டனர். மருத்துவர் மட்டும் குந்தியமர்ந்து ஓடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீர் உறைந்தால் பருக்குமோ என்று குகைக்காவலரை வினவினார். இதுகூடத் தெரியாதா ஐயா என்று அவர்கள் சிரித்தனர். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மனித உடம்பும் கண்ணுக்கெட்டாத ஆயிரமாயிரம் நிறைகுடங்கள்தானே என்று முணுமுணுத்தார்.

அன்றுமுதல் மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வெற்றிலையை உறையவைத்து உருக்கினார், கறுத்துக் குழைந்தது. ஆட்டு ஈரலை உறையவைத்தார். உருகியதும் துவண்டு நீராய்க் கசிந்தது. பின்னர் எங்கள் கல்தவளையைப் பற்றிக் கேள்விப்பட்டார். அது குளிர்காலமெல்லாம் கல்லாய் உறைந்து கிடந்து, பனி உருகியதும் எழுந்து குதிக்கும். அவர் நம்பவில்லை. ஒன்றைத் தோண்டி எடுத்து, நகத்தால் தட்டிப் பார்த்து, உள்ளங்கைச் சூட்டில் வைத்திருந்தார். அது எழுந்து அவர் கஞ்சிக் கிண்ணத்திலேயே குதித்தது! அதன் குருதித்துளியை நாவில் வைத்தார். சீச்சீ என்று சமையற்காரர் ஓடினார். மருத்துவரோ, இனிக்கிறது, இனிக்கிறது என்று கூத்தாடினார்.

அந்த இனிப்பே தவளையைக் காக்கிறது என்றெண்ணி, ஈரலைத் தேனில் ஊறவைத்து உறையச் செய்தார். மேற்புறம் கெடவில்லை; தேன் எட்டாத நடுப்பகுதி சிதைந்தது. தேனைக் கூட்டினாலோ, உறையுமுன்பே ஈரல் வற்றல்போலச் சுருங்கியது. நாற்பது ஈரல் இவ்வாறு பாழாயின.

அதற்குள் தேவியாரின் பல்லக்கு வந்து சேர்ந்தது. மருத்துவர் அவர் காலில் விழுந்து, முகம் நூறாண்டு மாறாமல் இருக்கும், ஆனால் எழுப்பும் வழி எனக்குத் தெரியவில்லை தாயே என்று அழுதார். தேவியார் அழவில்லை. அந்தத் தவளையைக் காட்டும்படி கேட்டருளினார். உறைந்த ஒன்றைக் கையில் ஏந்தி, உறங்கி எழுந்தபின் தன் சுனை இதற்கு நினைவிருக்குமா என்று வினவினார். இத்தனை ஆராய்ந்த மருத்துவருக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் காவலருக்கும் விடை தெரியவில்லை.

இப்போது அத்தவளையின் காலில் தேவியாரின் சேலைச் சிவப்பு நூல் கட்டப்பட்டுள்ளது. இங்குள்ள மூன்று சுனைகளில் மூன்றாவதன் அருகே எடுத்த அதனை, பனி உருகும் நாளில் ஓடைக்கரையில் விட்டு, தன் சுனைக்கே திரும்புகிறதா என்று பார்ப்பதாக ஏற்பாடு. அதற்குப் பன்னிரண்டு நாள் உண்டு. தேவியாருக்கு இருபது நாள் இருக்கலாம் என்கிறார் மருத்துவர். தேவியார் இரண்டு நாளாகக் கஞ்சி கேட்டு உண்கிறார். மூன்று சுனைகளையும் பலகணிவழியே காட்டச் சொல்கிறார்.

ஆகவே தேவியாரின் கட்டளை: தமக்கு வேண்டாத பனிப்படுக்கை மூடப்படுக. நல்லாதனாரின் தலைக்குத் தேவியாரே பிணை. எம் அரசரின் ஆணை: கணவாய் திறந்திருக்கும், சாவடிதோறும் மாற்றுக் குதிரை நிற்கும், இவ்வோலை போலவே தாங்களும் நான்கே நாளில் வந்தடையலாம். மலைமுத்திரையும் அதன்கீழ்த் தேவியாரின் கணையாழியும் பதித்தோம்.

ஓரத்தில் தேவியார் தம் கைப்பட ஒரு வரி கீறியுள்ளார். அதனை நாங்கள் திருத்தவில்லை:

சீக்கிரம் வாருங்கள். அது எங்கே போகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.