மோர் ஊற்றியது நான்தான், அக்கா

அக்கா, இன்றைக்குக் காலையில் பாகற்காயை வட்டவட்டமாக நறுக்கி, உப்பைப் பிசறித் தட்டில் வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் தட்டு நிறையத் தண்ணீர். நான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. அதற்குமேல் வேலை ஓடவில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் கறிவேப்பிலைச் செடியைப் பற்றித்தான். ஆங் மோ கியோவில் நம் அடுக்குமாடி புளோக்குக்குக் குடிவந்த வருஷம் உங்கள் வீட்டுக்காரர் வைத்தது. அவர் போனபிறகு அதுதான் உங்களுக்குப் பேச்சுத்துணை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக், மீன் கறிக்கு ரெண்டு கொத்து கேட்டால் கொடுப்பீர்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபிறகு கேட்டால் மட்டும் மாட்டீர்கள். அவரும் அதைப் புரிந்துகொண்டு வியாழக்கிழமையே வந்து வாங்கிவைத்துவிடுவார். பாருங்கள், எங்கேயோ போய்விட்டேன். சொல்ல வேண்டியது வேறு.

மகனும் மருமகளும் உங்களோடு இருந்த அந்த வருஷம், தைப்பூசத்துக்கு மறுநாள் ஜோகூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினீர்கள். "ரெண்டு நாளைக்குச் செடியப் பாத்துக்கடி. மருமகளுக்கு ஸ்கூல் வேல, மறந்துடுவா" என்றீர்கள். சிராங்கூன் ரோட்டுத் தண்ணீர்ப்பந்தலில் மிஞ்சிய மோர் என் வீட்டில் ஒரு வாளி இருந்தது. சாமி பேரில் கொடுத்ததைச் சாக்கடையில் கொட்ட மனசு வரவில்லை. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றினால் தழைக்கும் என்று ஊரே சொல்லும். ரெண்டு நாளும் அதைத்தான் ஊற்றினேன். சிங்கப்பூர் வெயிலில் நடந்து வருகிறவர்கள் குடிக்கட்டும் என்று அந்த மோரில் கை கையாக உப்பை அள்ளிப் போட்டவளும் நான்தான். ஊற்றும்போது அது நினைவுக்கு வரவில்லை.

நீங்கள் திரும்பி வந்தபோது செடி தலை தொங்கி நின்றது. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, "ஈரமாத்தானே இருக்கு, அப்பறம் ஏன் வாடுது?" என்றீர்கள். உயிரியல் சொல்லிக்கொடுக்கிற உங்கள் மருமகள் குனிந்து, தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் காட்டினாள்.

"மண்ணுல உப்பு ஏறிடுச்சு அத்தை. வேர்ல ஒவ்வொரு செல்லுக்கும் மெல்லிசா ஒரு தோல் இருக்கு. தண்ணி அது வழியா போகும், வரும். உப்பு அவ்வளவு ஈஸியா போகாது. வெளிய உப்பு ஜாஸ்தியானா, உள்ள இருக்கிற தண்ணி வெளிய போயிடும். மண்ணு ஈரமா இருந்தும் செடி தாகத்துல சாகுது. மண்ண மாத்திடலாம், பொழச்சாலும் பொழைக்கும்."

"உப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தாலே தெரியுது அத்தை."

"போட்டவளுக்குத்தான் தெரியும்! காரிடார்ல நடக்க இடமில்லன்னு போன மாசம் முனகுனவ நீதானே?"

எனக்குப் படிப்பு கிடையாது. ஆனாலும் அவள் சொன்னது அத்தனையும் விளங்கியது. உப்பு என்றதுமே என் வாளி கண்முன் வந்துவிட்டது. அப்போது பார்த்து என் பக்கம் திரும்பினீர்கள். "நீதானே பாத்துக்கிட்ட, சொல்லு. யாரு தொட்டிகிட்ட வந்தா?"

"நான் என்னத்தக் கண்டேன்க்கா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இவதான் ஒருதரம் கிட்ட நின்ன மாதிரி இருந்துச்சு லா" என்றேன். அவள் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள், அக்கா. அவ்வளவுதான்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். செடிக்கு மண் மாற்ற நீங்கள் விடவில்லை, அது கருகிப்போனது. நாலு மாதத்தில் மகனும் மருமகளும் உட்லண்ட்ஸுக்கு வீடு மாறினார்கள். பேத்தியைத் தீபாவளிக்குத் தீபாவளி பார்த்தீர்கள். சாயங்காலம் என் வீட்டில் டீ குடித்தபடி அவளை "உப்புக்காரி" என்பீர்கள். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வீட்டை ஒழிக்க அவள் வந்திருந்தாள். உங்கள் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தவளிடம் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் ஆன்ட்டி. அன்னைக்கே மண்ணுல மோர் வாசன அடிச்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா அத்தை உங்ககூட பேசமாட்டாங்க. எனக்கு வீட்டுக்காரர் இருக்கார், புள்ள இருக்கா. அவங்களுக்கு உங்கள விட்டா யாரு?"

அவள் நினைத்தது தப்பு, அக்கா. உங்களை அவளைவிட எனக்குத் தெரியும். ஒரு வாரம் என்னைத் திட்டித் தீர்த்திருப்பீர்கள். எட்டாம் நாள் டீக்கு வந்து உட்கார்ந்திருப்பீர்கள். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும், அந்த ஒரு வாரத்துக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.