சூடாக்காமல் விட்ட கார்

ராஜபாளையம்,
மார்கழி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் மாரிசெல்வி வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். திருப்பூரில் பனி அதிகம் என்கிறார்கள். அதிகாலையில் கம்பெனி வண்டி எடுக்கும்போது காதுக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் நீங்கள் எதைச் சொன்னாலும் எனக்குச் "சரிப்பா" என்றுதான் வாயில் வருகிறது. புதன்கிழமையும் அப்படித்தான் சொல்லிவிட்டேன். ஜெயபாண்டி அண்ணாச்சி நம் காரைப் பார்க்க வருமுன் அரைமணி நேரம் ஓட்டிச் சூடாக்கி வை, சூட்டில் அது நிற்காது என்றீர்கள். தை பிறந்ததும் நான் மதுரையில் பரீட்சைப் பயிற்சிக்குச் சேரத்தான் காரை விற்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் அவர் விடியற்காலையில் தளவாய்புரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பூக்கூடை கொண்டுபோகிறவர். நம் கார் நின்றுபோவதும் அந்த நேரத்தில்தான்.

நீங்கள் புரட்டாசியில் திருப்பூருக்குப் போன மறுவாரமே இது தொடங்கிவிட்டது. காலையில் ஸ்டார்ட் ஆகும், நாலு தரம் இருமும், அணைந்துவிடும். எப்படியோ கிளப்பிப் பத்து மணிக்கு மேல் பொன்னுராஜ் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் சமர்த்தாக ஓடும். "வண்டி நல்லாத்தான இருக்கு. பிள்ளைக்குத்தான் ஓட்டத் தெரியல" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். பொறவுதான் யோசித்தேன். அங்கே போய்ச் சேர்வதற்குள் அது சூடாகிவிடுகிறது. அவர் எங்கே குளிர்ந்த காரைப் பார்த்தார்?

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி பத்து மணிக்கு வருவதாக இருந்தது. விடிந்தும் விடியாமலும் நான் பானட்டைத் திறந்து, ஏர் பில்டரைக் கழற்றிவிட்டு, அம்மாவைச் சாவி திருப்பச் சொன்னேன். குளிரில் பெட்ரோல் லேசில் ஆவியாகாது. காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டத்தான் சோக். அதன் குமிழை இழுத்தால் கார்பரேட்டரின் வாயை ஒரு சிறு தகடு மூட வேண்டும். அம்மா இழுத்தும் அது சரியாக மூடவில்லை.

அப்பா, நான் அதற்குள்ளே பார்த்தேன். இழுக்கிற காற்றோடு பெட்ரோல் தானாக மேலே ஏறி, புகை போலச் சிதறிப் போனது. பம்பு கீழே நிரப்பி வைப்பதோடு சரி, அதை மேலே தூக்குவது வெறும் காற்று. காலேஜில் இதைப் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். மனப்பாடம் செய்துதான் எழுதினேன். உண்மையென்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

வழக்கம்போல இஞ்சின் சத்தம் தேயத் தொடங்கியது. என்ன தோன்றியதோ, உள்ளங்கையால் அந்த வாயைப் பாதி மூடினேன். "ஏட்டி, கைய எடு, வெரலு போயிரும்" என்று அம்மா கத்தினாள். எடுக்கவில்லை. உள்ளே யாரோ இருந்து கையைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. பெட்ரோல் பட்டுக் கை ஐஸாகச் சில்லிட்டது. சாகப்போன இஞ்சின் என் கைக்கடியில் நிமிர்ந்து ஓடியது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

கையை எடுத்ததும் அணைந்தது. நிமிர்ந்தால் எதிரே ஜெயபாண்டி அண்ணாச்சி. வேண்டுமென்றே சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்திருக்கிறார். நேராக இஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். "என்ன தாயி, இம்புட்டுதான் சுடுது? விக்கிற வீட்டுல கை வச்சா கொப்புளம்லா போடும்" என்றார்.

"அப்பா சூடாக்கி வைக்கச் சொன்னாக. நான் செய்யல" என்று சொல்லிவிட்டேன். உங்களைக் காட்டிக் கொடுத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

 சோக் குமிழை அவரே இழுத்தார். தகடு அப்போதும் பாதியில் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தபோது அதன் அச்சில் ஒரு வெள்ளை நூல் இறுகச் சுற்றியிருந்தது. ஊசியால் எடுத்தேன். அம்மா அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம தறி நூலு" என்றாள். பஞ்சுத்தூசி உள்ளே போய்விடக் கூடாதென்று நீங்கள் கிளம்புமுன் பில்டருக்குள் வைத்த, நம் தறியில் நெய்த பேண்டேஜ் துணியிலிருந்து பிரிந்து வந்தது.

பிறகு சாவியைத் திருப்பியதும் ஓடிய கார் அணையவேயில்லை. "யாரும்மா சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். "பொன்னுராஜ் கடைய நீ எடுத்துக்க" என்று சிரித்தார். அடுத்த வார ஞாயிறு விடியற்காலையில் மறுபடி வருகிறாராம். குளிர்ந்த இஞ்சின் அன்றைக்கும் நிற்காமல் ஓடினால் எடுத்துக்கொள்வாராம். அதுவரை யாரும் சாவியைத் தொடக் கூடாதாம். நான் தொட மாட்டேன். நீங்களும் சூடாக்கி வைக்கச் சொல்லாதீர்கள்.

அந்த நூலை இதில் மடித்து வைத்திருக்கிறேன். தூசி படாமல் இருக்கட்டும் என்றுதானே வைத்தீர்கள். எனக்குக் கோபமில்லை. துணியை எடுத்துவிட்டேன். தூசி பட்டால் துடைத்துக்கொள்ளலாம் அப்பா. மதுரைக்கு நான் தனியாகவே பஸ் ஏறிக்கொள்கிறேன். லீவு போட்டு வர வேண்டாம். அங்கிருந்தே நல்லபடியாகப் போய் வா என்று சொன்னால் போதும்.

உங்கள் மகள்,
மாரிசெல்வி