மணக்குதோ, மாஸ்டர்?

என் அன்புச் சகலன் தவராசாவுக்கு,

வருகிற ஞாயிறு உன் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரில் ஒரு பக்கம் எழுதித் தரும்படி உன் மனைவி பூமதி கேட்டிருக்கிறாள். "அத்தான், நீங்கள்தானே அது நடந்த அண்டைக்குப் பக்கத்தில நிண்டனீங்கள். அந்த மனிசன் என்னத்தால செத்தது எண்டு நாலு சனம் அறியட்டும்" என்றாள். எனக்கு ஒழுங்கு போடாமல் எழுத வராது. நீ சிரித்தாலும் பரவாயில்லை, முதலில் தலைப்புகளைப் போட்டுவிடுகிறேன்.

1. நாங்கள் வளர்த்த கம்பிகள்.
2. உன் கோபம்.
3. நான் தடுக்கத் தடுக்க நீ வாயு அறைக்குள் போனது.
4. பூமதியின் இன்றைய நிலை.

மலரைக் கையில் எடுக்கும் பலருக்கு மார்க்கம் நகர ஆய்வுகூடத்தில் நீயும் நானும் என்ன வேலை பார்த்தோம் என்று தெரியாது. கேட்டவர்களிடமெல்லாம் நீ, "நானும் மாஸ்டரும் புல்லு வளர்க்கிறம்" என்பாய். கனடாவில் புல்லு என்றால் கஞ்சா என்று நான் பதறுவேன். நீ அதற்காகவே இன்னும் உரத்துச் சொல்வாய்.

உண்மையில் அது புல்லுப் போலத்தான் இருக்கும். படிகக் குழாய் ஒன்றை உலையில் வைத்துச் சிவக்கச் சிவக்கச் சூடாக்கி, நாகத் தூளை, அதாவது ஸிங்க்கை, ஆவியாக்கி, ஒட்சிசனை உள்ளே விடுவோம். நகத்தளவு சிப் ஒன்றின்மேல் கண்ணுக்குத் தெரியாத கம்பிகள் அடர்ந்து எழும்பும். வளர்ப்பது என்ற சொல் சாதுவானது. குழாய்க்குள் நடப்பது சாதுவானதல்ல. உலோகம் உருகி, கிழிந்து, புகையாகி, போக இடமில்லாமல் சிப்பில் மோதி உறைகிறது. ஒருநாள் குழாயே வெடித்தது. கண்ணாடித் துண்டுகள் சுவரில் குத்தி நின்றன. ஊரில் சண்டைக் காலத்தில் குண்டு விழும்போது செய்ததுபோல் நான் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே கிடந்தேன். நீ கழுத்தில் இரத்தம் வழிய நின்று சிரித்தாய். "எழும்புங்கோ மாஸ்டர், ஷெல் இல்லை. உங்கட புல்லுத்தான்."

அந்தக் கம்பிகளுக்கு ஒரு குணம். வெயில் பட்டாலும் அவற்றில் மின்னோட்டம் ஏறும், நச்சுவாயு பட்டாலும் ஏறும். ஆகவே ஒரு பகுதியை ஒளி உணர்கருவிக்கு எடுப்போம். மற்றதைக் கறுப்பு மூடி போட்டு வாயு உணர்கருவிக்கு வைப்போம். ஏறியது வெயிலாலா, வாயுவாலா என்று பிரித்துச் சொல்வது என் பொறுப்பு. நான் கையெழுத்து வைத்த எதையும் நீ மறுபடி பார்த்ததே இல்லை. யாரையும் நம்பாத உனக்கு என்மேல் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

இனி உன் கோபம். ஓடாத பம்பை உதைத்து உன் கால்விரலையே முறித்துக்கொண்டவன் நீ. ஒஷாவாவில் கார் தரிப்பிடத்தில் ஒருவன் உன்னை ஏதோ சொன்னான் என்று அவனுடைய பக்கக் கண்ணாடியை ஒரே குத்தில் தெறிக்க வைத்தாய். கையில் கண்ணாடி ஏறியிருக்க, "நான் அவனைத் தொடேல்லையே" என்று என்னிடம் நியாயம் கேட்டாய். சென்னையிலிருந்து வந்த பொறியியலாளர் பிள்ளைகூட உன்னைக் கண்டால் பயப்படும். முதல்முறை வாயு கசிந்த அன்று நீ, "காஸ் மணக்குது!" என்று கத்தினாய். அந்தப் பிள்ளை திரும்பி, "மணக்குதுன்னா நல்லதுதானே அண்ணா?" என்றது. நீ அதன் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினாய். "எங்கட ஊரில மல்லிகையும் மணக்கும், மலக்குழியும் மணக்கும். ஓடு பிள்ளை வெளியால!"

அந்த வாயு ஐதரசன் சல்பைட்டு. அழுகிய முட்டை மணம். எங்கள் கம்பிகள் அதை உணர்கின்றனவா என்று பார்ப்பதற்காகப் பின்னறையில் ஒரு சிலிண்டர் நின்றது.

நீ செத்த அன்று காலை அந்த அறைச் சுவரிலிருந்த எச்சரிக்கைக் கருவியைத் திருத்துவதற்குக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வாசலில் எங்கள் சிப் மட்டும் தொங்கியது. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் நான் சொன்னது இது: வாயு மணந்தது, தவராசாவுக்குக் கோபம் வந்தது, நான் வேண்டாம் என்றேன், அவர் கேட்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். உன்னைத் தெரிந்த எவரும் மறுகேள்வி கேட்கவில்லை.

நீ உள்ளே இரண்டு அடிதான் வைத்தாய். முழங்கால் மடியவில்லை. நின்ற நிலையிலேயே முன்னால் சரிந்தாய். உன் நெற்றி சிலிண்டரின் கழுத்தில் அடித்த சத்தம் இப்போதும் என் பல்லில் கூசுகிறது. பிறகு உன் குதிகால்கள் தரையை அடித்தன. எண்ணுவது என் பழக்கம், எண்ணினேன். பதினொரு தரம். அபாய மணியை இழுத்துவிட்டு வெளியே ஓடினேன். உள்ளே போகாதே என்பதுதான் விதி. விதியை நான் பிழையில்லாமல் பின்பற்றினேன்.

செத்தவீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. பூமதி அழவில்லை. பெட்டிக்குக் கிட்டப் போனாள். இரண்டு கையாலும் உன் நெஞ்சில் குத்தத் தொடங்கினாள். "அத்தான் வேண்டாம் வேண்டாம் எண்டு கத்தினவராம். கேட்டியோ? கேட்டியோடா?" உன்னை ஒருநாளும் நீ என்று சொல்லாதவள். அவளைப் பிடித்து இழுத்த என் மனைவியின் உதடு வெடித்தது. உன் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து என் சப்பாத்தடியில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

உன் படத்தை அவள் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். கோபத்தில் செத்த மனிசனுக்குத் தன் கையால் விளக்கேற்ற மாட்டாளாம். நேற்று அஜின்கோர்ட்டிலுள்ள உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நீ தேத்தண்ணி குடிக்கும் பெரிய கோப்பை கழுவுகிற இடத்தில் இருந்தது. பேசிக்கொண்டிருந்தவள் அதை எடுத்துத் தொட்டியில் ஓங்கி அடித்தாள். கை வெட்டி இரத்தம் வந்தது. அதைப் பார்க்காமலே என்னைப் பார்த்தாள்.

"எழுதுங்கோ அத்தான். ஒண்டும் மறைக்காதேங்கோ. கட்டின பொம்பிளையை நினைக்காமல் உள்ளுக்குள்ள போன மனிசன் எண்டு எழுதுங்கோ."

தவம், அன்று நீ கோபப்படவே இல்லை.

வாசலில் இருவரும் நின்றோம். முதலில் மணந்தது. சிப்பில் அளவு ஏறியது. "வெளியால போவம் மாஸ்டர்" என்றது நீ. நான்தான் கொஞ்சம் பொறு என்றேன். சற்று நேரத்தில் மணம் நின்றது.

"மணக்குதோ, மாஸ்டர்?"

"இல்லை. இப்ப மணக்கேல்லை."

"உங்கட கம்பி இன்னும் ஏறுதே?"

"உது வெயிலுக்கு. மூடி விலகியிருக்கும். நீ போய் வால்வைப் பூட்டு."

"நீங்கள் சொன்னாச் சரி."

அந்த வாயு கூடினால் மூக்கு மரத்துப்போகும். மணம் நின்றால் ஆபத்து நின்றது என்று பொருளல்ல, அது முற்றியது என்று பொருள். இதை யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவன் நான். அதிகாரி எடுத்த படத்தில் கறுப்பு மூடி அதன் இடத்திலேயே இருந்தது. நாங்கள் வளர்த்த கம்பி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. என் கையால் செய்த எதையும் சந்தேகிக்கிற நான் அன்றும் அதைச் சந்தேகித்தேன். என் மூக்கை நம்பினேன். நீ என்னை நம்பினாய். உன்னைப் போல ஒருவன் ஒரு தரமாவது என்னோடு சண்டை பிடித்திருக்கக் கூடாதா?

நாளைக் காலை இந்தத் தாளைப் பூமதிக்கு வாசிப்பேன். உன் பொத்தானையும் மேசையில் வைப்பேன். உன் நெஞ்சில் விழுந்த குத்துகள் எனக்கு உரியவை. அவள் கை ஓங்கினால் நான் முகத்தை மறைக்க மாட்டேன். பிறகு அதிகாரியிடம் போவேன். ஞாயிறன்று உன் படம் சனத்தைப் பார்த்து இருக்கும். இது உனக்கு என் வாக்கு.

பிழையாக எழுதியதை ஆய்வுகூடக் கொப்பியில் அழிக்கக் கூடாது என்பது நம் வழக்கம். கீழே உள்ளது தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்துப் பக்கத்தில் பெயர் வைக்க வேண்டும். அச்சகத்தாரிடமும் அப்படியே போடச் சொல்லப்போகிறேன். மேலே நான் எழுதிய மூன்றாவது தலைப்புப் பிழை. நான் தடுக்கவில்லை. நான்தான் போகச் சொன்னேன்.

உன் பூமதியின் அக்காவைக் கட்டியவன்,
உன் சகலன்,
நடராசா