ஒண்ணும் சொல்லல

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்தால் தம்பியிடம் கேள், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே. நான் நன்றாக இருக்கிறேன்.

என் வேலை இதுதான்: ஒரு ஆய்வுக்காக டாக்டர் அறையின் மூலையில் உட்கார்ந்து, நோயாளியிடம் புகை, உப்பு, நடைப்பயிற்சி பற்றி அவர் பேசுகிறாரா என்று குறிக்க வேண்டும். நான் வாயே திறக்கக் கூடாது. வாயாடி என்று திட்டுவாயே, இப்போது வந்து பார்.

நேற்று ஒரு பெரியவர் இருமிக்கொண்டே வந்தார். டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, "சிகரெட்டை இன்னைக்கே விட்டுடுங்க, நுரையீரல் தாங்காது" என்று பொறுமையாகச் சொன்னார். குறித்துக்கொண்டேன். பெரியவர் வெளியே போனதும், காத்திருந்த மனைவி, "என்ன சொன்னாரு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"ஒண்ணும் சொல்லல. வெறும் சளிதானாம்."

அப்படியே நம் அப்பா மாதிரிதான், அம்மா. அவரும் உன்னை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தானே உள்ளே போவார்?

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மனுஷன் இன்னைக்கு இருந்திருப்பாரு" என்று நம் ஊர் டாக்டரை இன்னும் கரித்துக்கொட்டுகிறாய். உள்ளே என்ன பேசினார்கள் என்று நமக்குத் தெரியாது. இனி அவரைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. அப்பா மீதும் கோபப்படாதே. நீ பயந்துவிடுவாய் என்றுதான் மறைத்திருப்பார்.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். அப்பாவின் சால்வையை அனுப்பிவை, இங்கே குளிர்கிறது. துவைத்துவிடாதே. அதில் இன்னும் சிகரெட் வாடை இருக்கும்.

உன் மகள்