கொள்ளிக்கட்டையையும் சொன்னவருக்கு

இன்று காலை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது தொண்டை கட்டியிருந்தது. ஒரு கிராம்பை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டேன். அவ்வளவுதான், சூரியநெல்லிக் குளிரில் நின்றவள் பாலக்காட்டுக் கோர்ட்டுக்கே போய்விட்டேன். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நீங்கள் வந்து நிற்கும்போதெல்லாம் இந்த வாசனைதான் வரும். நீங்கள் காலமான செய்தியைப் போன மாதம் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். அன்று அழுகை வரவில்லை. இன்று வந்துவிட்டது, சார்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. என் புருஷன் கொல்லங்கோட்டுக்காரர். குழந்தையைத் தன்னிடம் தரவேண்டும் என்று வழக்குப் போட்டிருந்தார். நான் முரட்டுப் பெண்பிள்ளையாம், என்னிடம் குழந்தை வளரக்கூடாதாம். மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையிறங்கி வந்தேன். எனக்கு மலையாளம் தெரியாது, ஜட்ஜுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் கோர்ட் துபாஷியாக நீங்கள்.

வராந்தாவிலேயே உங்களைப் பிடித்துக்கொண்டேன். "சார், நீங்களும் தமிழாளு. எனக்கு வாய் அடங்காது. ஏதாச்சும் ஏடாகூடமா சொல்லிட்டேன்னா அதை மட்டும் முழுங்கிருங்க சார்."

"அது ஆகாதுங்க அம்மிணி. சத்தியம் பண்ணியிருக்கறனுங்க. நீங்க சொல்றது அப்படியே போகும். ஒண்ணு கூட்டவும் மாட்டேன், ஒண்ணு குறைக்கவும் மாட்டேனுங்க."

கல்நெஞ்சுக்காரர் என்று மனதுக்குள் வைதேன்.

கூண்டில் ஏறினால் இன்னொரு கூத்து. நான் "அப்ப ஆறு மாசம் முழுகாம இருந்தேன்" என்றேன். நீங்கள் 'இவள்' என்று சொல்லாமல், நானே பேசுவதுபோல 'ஞான்' என்றே ஆரம்பித்தீர்கள். 'ஞான்', 'கர்ப்பிணி' இரண்டும் எனக்கே புரிந்தது. நரைமீசைக்காரர் வாயில் அதைக் கேட்டுக் கோர்ட்டே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. சிரிப்பு ஓயும்வரை நின்று, மறுபடியும் அதையே சொன்னீர்கள்.

எதிர் வக்கீல் குத்திக் குத்திக் கேட்டதில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஆமாய்யா, அவரு அடிச்சாரு. நான் அடுப்புல கெடந்த கொள்ளிக்கட்டைய எடுத்து வீசினேன். கையில பட்டுச்சு. இன்னொரு கட்டை கெடச்சிருந்தா அதையும் வீசியிருப்பேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கெஞ்சுவதுபோல் உங்களைப் பார்த்தேன். வீசிய கட்டையையும் சொன்னீர்கள், கிடைக்காத கட்டையையும் சொன்னீர்கள். மகள் கைவிட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

மறுநாள் வக்கீல் உங்கள் மேலேயே பாய்ந்தார். அதையும் எனக்குத் தமிழில் சொல்லவேண்டியது உங்கள் வேலை. முகம் மாறாமல் சொன்னீர்கள்: "இந்தத் துபாஷி யோக்கியன் இல்லை. தன்னோட பாஷைக்காரின்னு இவளுக்குச் சாதகமாத் திரிச்சுச் சொல்றான்."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏதோ பதில் சொன்னார். அப்போதுதான் நீங்கள் தடுமாறினீர்கள். காது சிவந்துவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "கொள்ளிக்கட்டையவே மறைக்காத மனுசன் மத்ததுல எதைத் திரிச்சிருக்கப் போறாரு? அந்தம்மாளும் தனக்குப் பாதகமானதை மறைக்கலையே."

திட்டியதைச் சுலபமாகச் சொன்ன மனிதர், புகழ்ந்ததைச் சொல்ல அப்படிப் பாடுபட்டீர்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மகள் என்னிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பானது. உங்கள் காலைத் தொடக் குனிந்தேன். பதறிப் பின்வாங்கினீர்கள். "எனக்கெதுக்குங்க இதெல்லாம்? பேசுனது நீங்க. நான் வாயி மட்டுந்தானுங்க குடுத்தேன்."

அந்த மகளுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. நான் வீம்பாக மலையாளம் கற்றுக்கொண்டு ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் புது டாக்டர் வந்தால் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். இப்போது வந்திருப்பவர் கோட்டயத்துப் பக்கத்து டாக்டரம்மா, தமிழ் தெரியாது.

இன்று தோட்டத்துப் பெண் ஒருத்தி வந்தாள். உள்ளே பேசுவது அத்தனையும் அப்படியே போகும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். அங்கே போய், "மாத்திரைய முழுங்கல, அடுப்புல போட்டுட்டேன். அதத் தின்னா வயிறு எரியுது. இதச் சொல்லிராதீங்க" என்றாள். 'ஞான்' என்று ஆரம்பித்து, 'இதைச் சொல்லிவிடாதீர்கள்' என்பது வரைக்கும் சொல்லி முடித்தேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு, வயிறு எரியாத வேறு மருந்து எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவள் முறைத்தாள். "நம்மாளுன்னு நெனச்சேன் ஆயாம்மா. இப்படிக் காட்டிக் குடுத்துட்டீங்களே!"

புது மருந்தை அவள் கையில் வைத்து அழுத்தினேன். வையட்டும் சார். நானும் ஒரு நாள் உங்களை வைதவள்தானே.