சுவரோரம் போட்ட மேசை

உங்களுக்கு,

திரும்பி வரச் சொல்லி உங்கள் தம்பியிடம் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. எனக்கு மூன்றாம் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று ஆசிரியர் மேசையை இடது சுவரோடு ஒட்டிப் போட்டேன். பிள்ளைகள் எல்லோரும் என் வலப்பக்கம் இருப்பார்கள்.

"நடுவுல இருந்தத ஏம்மா ஓரங்கட்டின?" என்றார் தலைமையாசிரியை.

"வெளிச்சத்துக்கு மேடம்."

பிறகு என் இடப்பக்கம் நின்று ஏதோ கேட்டிருக்கிறார். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். தோளைத் தொட்டுத் திருப்பி, "அந்தக் காதுல யாரும்மா அடிச்சது?" என்றார்.

கதவில் இடித்துக்கொண்டேன் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னதையே சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அவர் முதல் பெஞ்சை இன்னும் கொஞ்சம் என் வலப்பக்கம் தள்ளினார்.

எனக்கு இனி ஒரு காதுதான். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு டீச்சர்